மூக்கு மட்டும் மேலே இருந்தால் போதுமா?

இலக்கியம் பேச வந்த இடத்தில் வண்டி எஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனையும் அவன் குதிரையையும் எதிர்பார்ப்பதே நம் வழக்கம். ஆயினும் ஒரு சொல் வெளியிலிருந்து வந்து, நம் ஊர் வழக்கில் கலந்து, தன் பொருளுக்கு மீறிய நம்பிக்கையைச் சுமக்கத் தொடங்கிவிட்டால் அதைப் பற்றிப் பேசுவது சொல்லில் அக்கறை உள்ளவர்களின் கடமை என்றே நினைக்கிறோம். அதுவும் அந்த நம்பிக்கை ஓர் ஓட்டுநரை வெள்ளத்துக்குள் இறக்கிவிடக்கூடியது என்றால் மௌனமாக இருப்பது சரியாகாது.

அந்தச் சொல் ‘ஸ்னார்க்கல்’. எஞ்சினுக்கு வேண்டிய காற்றைப் பானட்டுக்குள்ளிருந்து எடுக்காமல், முன்கண்ணாடியின் ஓரமாக ஏறும் ஒரு குழாய் வழியே கூரை உயரத்திலிருந்து எடுக்கும் ஏற்பாட்டுக்கு இப்பெயர். நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்த சொல் இது. நீருக்கடியில் இருந்தபடியே டீசல் எஞ்சினை ஓட்டுவதற்கான காற்றுக் குழாயை முதலில் தம் கப்பல்களில் பொருத்தியவர்கள் டச்சுக் கடற்படையினர். 1940இல் நெதர்லாந்தைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அதைத் தமதாக்கிக்கொண்டு, மூக்கு என்ற பொருள் தரும் தம் வட்டாரச் சொல் ஒன்றைப் பெயராகச் சூட்டினர். தமிழில் மூச்சுக்குழாய் என்று சொல்லலாமென்றால் அது ஏற்கெனவே நம் தொண்டைக்குள் இருப்பதைக் குறிக்கிறது. ஆகவே மூக்குக் குழாய் என்றே இங்கே வழங்குவோம்.

இந்தப் பேச்சுக்குச் செஞ்சி பொருத்தமான ஊர்தான். செஞ்சிப் பக்கத்து மலைகளில் தொடங்கும் சங்கராபரணி (செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் இதற்குப் பெயருண்டு) வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இத்தகைய ஆறுகள் ஒரே இரவில் உருமாறுபவை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று பெய்தது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. மறுநாள் தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலையையே மறித்தது. நாலுவழிச் சாலைக்கே அந்தக் கதி என்றால், கலங்கல் வழியும் ஏரிகளுக்கும் தரைப்பாலங்களுக்கும் நடுவே உள்ள கிராமத்துச் சாலைகளைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியொரு மழைக்காலம் முடிந்ததும் எழும் வாதம் நமக்குப் பழகியதுதான்: ‘ஜீப்புக்கு ஒரு ஸ்னார்க்கல் மாட்டிவிட்டால் போதும், எவ்வளவு தண்ணீரிலும் இறங்கலாம்.’ இந்த வாதத்தின் முற்பாதி அறிவுடையது. பிற்பாதி ஆபத்தானது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே நம் நோக்கம்.

முற்பாதியை முதலில் பார்ப்போம். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்? காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. எல்லாக் கேடும் இந்த ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. 2.2 லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட ஒரு டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் இடம் 550 மி.லி. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நசுக்கும் எஞ்சின் என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சுவது சுமார் 37 மி.லி. இடம் மட்டுமே. குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கில் இரண்டு மூன்று சங்கு அளவுதான். அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலேறி முடிக்க இடமில்லை. ஆனால் மற்ற சிலிண்டர்களும் சுழலும் பெருஞ்சக்கரமும் அதை விடாமல் மேலே தள்ளுகின்றன. நடுவில் மாட்டிக்கொள்ளும் கனெக்டிங் ராடு வளைகிறது, அல்லது ஒடிந்து எஞ்சினின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. ஒரு நொடியில் நடந்து முடியும் காரியம். பழுது பார்க்கும் செலவோ வாடகை வண்டி வைத்துப் பிழைப்பவரின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும்.

காற்று எவ்வளவு வேகமாக உறிஞ்சப்படுகிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக்கும் காற்றை இழுக்கிறது. மேலே சொன்ன எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் இழுக்கும் காற்று 2,200 லிட்டர். டர்போ இருந்தால் இன்னும் கூடும். அவ்வளவு வேகமாக உறிஞ்சும் வாய் நீர்மட்டத்தைத் தொட்டால் சங்கால் அளக்க அவகாசம் இருக்காது. எனவே அந்த வாயை உயரத்தில் வைப்பது நல்ல யோசனை என்பதில் ஐயமில்லை. நம் வயற்காட்டு டிராக்டர்களில் பானட்டுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் காற்றுக் குழாயும் இதே குடும்பம்தான். அது முதன்மையாகப் புழுதிக்காக ஏற்பட்டது. புழுதி குறைந்த காற்று உயரத்தில்தான் கிடைக்கும். மூக்குக் குழாய் மாட்டிய ஜீப்புக்கும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் உண்மையான பயன் அதுவே.

பிற்பாதிக்கு வருவோம். மூக்கு உயரத்தில் இருந்தால் உடம்பு எவ்வளவு ஆழத்திலும் போகலாமா? இதற்கு விடை சொல்லத் தக்க உயிர் யானை. நீந்தும்போது துதிக்கையை மட்டும் நீருக்கு மேல் தூக்கி மூச்சு விடும் யானையை, மூச்சுக் கருவியோடு நீரில் மூழ்கும் மனிதர்களோடு ஒப்பிட்டு அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ஆனால் நீண்ட மூக்கு மட்டும் யானையைக் காப்பாற்றுவதில்லை. நெஞ்சு ஒவ்வொரு மீட்டர் ஆழம் கீழே போகும்போதும் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக அதன்மீது அழுத்துகிறது. நுரையீரலுக்குள் இருப்பதோ மேலேயுள்ள சாதாரணக் காற்று. இந்த வேறுபாடு நம்மைப் போன்ற விலங்குகளின் நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களைக் கிழித்துவிடும். யானைக்கு மட்டும் ஏன் அப்படி ஆவதில்லை என்பதற்கு, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் பணியாற்றிய உடலியலாளர் ஜான் வெஸ்ட் 2001இல் ஒரு விளக்கம் வெளியிட்டார். மற்றப் பாலூட்டிகளில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே நீர்மம் நிறைந்த ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. யானையில் அந்த இடம் இணைப்புத் திசுவால் நிரம்பியிருக்கிறது. அதாவது மூக்கு நீண்டதற்கு ஈடாக உடம்பும் உள்ளுக்குள் மாறியிருக்கிறது என்பது அவர் கருத்து. செஞ்சிக் கோட்டைக்குள் யானைக்குளம் என்றொரு குளம் இருக்கிறது. அதில் குளித்த யானைகளுக்கு இருந்த உட்கட்டு, மூக்கை மட்டும் வெளியே ஒட்டிக்கொண்ட ஜீப்புக்கு இல்லை.

இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்தியச் சந்தையில் எல்லோரும் அறிந்த இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால் போதும். 2020இல் புது வடிவில் வந்த மகிந்திரா தாருக்கு மூக்குக் குழாய் கிடையாது. அது இறங்கலாம் என்று நிறுவனம் குறித்த நீரின் ஆழம் 650 மி.மீ. 2021இல் புது வடிவில் வந்த ஃபோர்ஸ் கூர்க்கா தொழிற்சாலையிலிருந்தே மூக்குக் குழாயோடு வெளிவருவது. அதற்குக் குறித்த ஆழம் 700 மி.மீ. குழாயின் வாய் கூரையருகே இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட ஆழமோ தொடையைத் தாண்டவில்லை. குழாயோடு வருவதற்கும் குழாயின்றி வருவதற்கும் உள்ள வேறுபாடு 5 செ.மீ. குழாயை வடிவமைத்து விற்பவர்களே அதன் உயரத்தை ஆழத்தின் அளவாகச் சொல்லவில்லை. இடையில் உள்ள நம் பேச்சுதான் அப்படிச் சொல்கிறது.

ஏன் சொல்லவில்லை? முதற்காரணம் மூட்டுகள். குழாயின் வாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவே பானட்டுக்குள் பல இணைப்புகள் உள்ளன. மூக்குக் குழாய் ஏர் கிளீனர் பெட்டியோடு சேரும் இடம், பெட்டியின் மூடி, அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், ஒவ்வொன்றையும் இறுக்கும் கிளாம்ப். இவை போக, மழைநீர் வடிவதற்காகப் பெட்டியின் அடியில் ஒரு சிறு துளையும் அதற்கொரு ரப்பர் வாயும் உண்டு. மழைக்கு அது வடிகால். பெட்டி நீரில் மூழ்கினால் அதுவே நுழைவாயில். கடையில் வாங்கி மாட்டப்படும் குழாய்களில் பல வெறும் அலங்காரமாக முடிவது இங்கேதான். வெளியே கம்பீரமான குழாய், உள்ளே அடைக்கப்படாத துளையும் இறுகாத கிளாம்பும். நீர்மட்டம் பெட்டிக்கு மேல் போனால் எஞ்சின் மேலேயுள்ள காற்றோடு பக்கத்திலுள்ள தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடும்.

செஞ்சியின் ராஜகிரியில் ஏறியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மதில்களும் அகழியும் வாயில்களும் கடந்து உச்சியை நெருங்கும்போது பாறையில் ஓர் ஆழமான பிளவு குறுக்கிடும். அதன்மேல் ஒரு மரப்பாலம். அந்தப் பாலத்தை இழுத்துக்கொண்டால் உச்சிக் கோட்டை தனித்துவிடும். விட்டுவிட்டால் கீழே கட்டிய அத்தனை மதிலும் வீண். 1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையை முகலாயப் படை 1690 முதல் எட்டாண்டு முற்றுகையிட்டு 1698இல்தான் பிடிக்க முடிந்தது. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக இது உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதைக் கட்டியவர்களின் கவனமெல்லாம் இணைப்புகளில் இருந்தது. கல்யாண மகாலின் மேல்தளங்களுக்குச் சுடுமண் குழாய்களில் நீரைக் கொண்டுபோனவர்களுக்கு, குழாயின் பலம் அதன் மூட்டில் என்பதைச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

மூட்டைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, மூக்குக் குழாயின் வாயை ஒரு தட்டையான பலகையால் முழுவதும் மூட வேண்டும். சில நொடிகளில் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றால் குழாய் நல்ல குழாய். நிற்காமல் ஓடினால் வேறெங்கிருந்தோ காற்று வருகிறது. காற்று வரும் வழியில் தண்ணீரும் வரும். பணம் கொடுத்துக் குழாய் மாட்டுபவர்கள் பட்டறையை விட்டு வெளியே வருமுன் இந்தச் சோதனையைக் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்ல வேண்டும். செய்துகாட்ட மறுக்கும் பட்டறையில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதே மேல்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி மிதக்கத் தொடங்கிவிடும். நான்கு மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வண்டியின் அடித்தளத்துக்கு மேல் நீர் 10 செ.மீ. ஏறினால், உள்ளே தண்ணீர் புகாதவரை அது சுமார் 700 கிலோ எடையை மேலே தூக்கும். வண்டியின் எடை 1,800 கிலோ என்றால் 25 செ.மீ. ஏறியதும் டயர்கள் தரையைப் பிடிக்க மறந்துவிடும். அதற்கு வெகு முன்னரே பிடிப்பு தளர்ந்துவிடும். நான்கு சக்கர இழுவை இருந்தும் பயனில்லை, தரையைத் தொடாத சக்கரம் எதை இழுக்கும்? அமெரிக்க வானிலைத் துறை மக்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையும் இதுவே: ஓடும் நீர் ஓரடி இருந்தால் சிறிய கார்களையும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளையும் அடித்துச் சென்றுவிடும். நிறுவனங்கள் குறிக்கும் 650, 700 என்ற எண்களை நிற்கும் நீருக்கானவையாகவே கொள்ள வேண்டும். தரைப்பாலத்தின்மேல் போவது நிற்கும் நீரன்று. ஃபெஞ்சல் மழையில் ஊத்தங்கரையில் ஏரிநீர் ஊருக்குள் பாய்ந்து, பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போன காட்சியை 2024 டிசம்பரில் தமிழகமே பார்த்தது. அவற்றில் எதற்கும் எஞ்சினுக்குள் தண்ணீர் போனதா என்பது அப்போது ஒரு கேள்வியாகவே இல்லை.

அப்படியானால் நீரில் இறங்கவே கூடாதா? நிற்கும் நீரில், அடியில் தரை உறுதி என்று தெரிந்த இடத்தில், அளந்த ஆழத்தில் இறங்கலாம். முதலில் ஒருவர் கோலோடு நடந்து பார்க்க வேண்டும். ஆள் நடக்கத் தயங்கும் இடத்தில் வண்டி போகக் கூடாது. முதல் கியரில் நடைவேகத்தில் ஒரே சீராகச் செல்ல வேண்டும். அப்போது முன்னால் ஓர் அலை எழுந்து, அதன் பின்னே பானட்டுக்கு அடியில் நீர்மட்டம் சற்றுத் தாழும். வேகமாகப் பாய்ந்தால் அந்த அலையே பானட்டின் மேல் ஏறும். எஞ்சின் நடுநீரில் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கக் கூடாது. நின்ற எஞ்சினைப் பிழைக்க வைக்கலாம். அவசரத்தில் அடித்த செல்ஃப் பல எஞ்சின்களைக் கொன்றிருக்கிறது. வண்டியைக் கயிறு கட்டி வெளியே இழுத்து, நாசில்களைக் கழற்றி, சிலிண்டரில் உள்ள நீரை வெளியேற்றி, எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே உயிர் கொடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும் இதைக் கூர்ந்து பார்க்கின்றன. எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனியே கட்டணம் செலுத்தாத பாலிசிகளில், நீர் புகுந்து எஞ்சின் உடைந்தால் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. உற்பத்தியாளர் தந்த வடிவத்தை மாற்றுவது குறித்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கும் கட்டுப்பாட்டை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் அழுத்தமாக உறுதிசெய்திருக்கிறது. வெளியில் குழாய் மாட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் அறிந்த ஓட்டுநர்கள் நம்மிடையே நிறைய உண்டு. நம் கவலை அறியாமையைப் பற்றியதன்று. வாடகை ஜீப்பையோ சரக்கு வேனையோ ஓட்டுபவர் தரைப்பாலத்தின் முன் நிறுத்தும்போது பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வரும்: ‘அதான் ஸ்னார்க்கல் இருக்கே, போப்பா.’ அந்தக் குரல் முதலாளியுடையதாக இருக்கலாம், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்ட பயணியுடையதாக இருக்கலாம். குழாய் இல்லாத காலத்தில் ‘முடியாதுங்க’ என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் இருந்தது. குழாய் வந்தபின் அந்தக் காரணம் பறிபோயிற்று. பாதுகாப்புக்காக வந்த ஒரு பொருள், மறுக்கும் உரிமையை ஓட்டுநரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். எஞ்சின் உடைந்தால் கடன் அவர் தலையில். வண்டி அடித்துக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் அவர் பொறுப்பில்.

ஆகவே நாம் கேட்பவை சில. ஒவ்வொரு தரைப்பாலத்தின் இரு முனையிலும் நீரின் ஆழத்தைக் காட்டும் அளவுக்கம்பம் நட வேண்டும். அதில் ஒன்றரை அடிக்கு மேல் சிவப்பு பூச வேண்டும். அது ஊர் முழுவதும் படிக்கத்தக்க அளவில் இருந்தால் ஓட்டுநர் தனியே வாதாட வேண்டியிராது, கம்பமே அவருக்காகப் பேசும். குழாய் விற்பவர்களும் மாட்டுபவர்களும் ‘இது நீந்துவதற்கு அன்று’ என்பதைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். விளம்பரங்களில் வண்டி நீரைக் கிழித்துக்கொண்டு பாயும் படத்தின் மூலையில், அந்த நீரின் ஆழம் எத்தனை மில்லி மீட்டர் என்று வாசிக்க முடிகிற எழுத்தில் போட வேண்டும். வண்டியில் அமர்ந்து செல்லும் நாமோ, ஓட்டுநர் நிறுத்தினால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழக வேண்டும்.

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரணைப் பற்றியது. நீர், மலை, மதில் என்று ஒரு கோட்டைக்கு வேண்டியவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, எத்தனை சிறப்பு இருந்தாலும் செயலில் சிறப்பு இல்லாதவரிடத்தில் அரண் இருந்தும் இல்லாததே என்று வள்ளுவர் அந்த அதிகாரத்தை முடிக்கிறார். எட்டாண்டு தாக்குப்பிடித்த செஞ்சியும் இறுதியில் கைமாறிய செஞ்சியும் ஒரே கோட்டைதான். கல் மாறவில்லை. மூக்குக் குழாயும் ஓர் அரண், அவ்வளவே. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் கிளாம்புகளை இறுக்கிக்கொள்வோம், ஏர் கிளீனர் பெட்டியின் அடித்துளையைச் சரிபார்ப்போம். அதன் பிறகும் தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடினால் இக்கரையிலேயே நிறுத்திவிட்டு வடியும்வரை காத்திருப்போம்.